பாஞ்சாலையின் கறுப்புக் கண்ணாடி

எங்கள் தெருவில் செலவு செய்வதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சாவுக்குச் செலவு செய்யலாம். சாமிக்குச் செய்யலாம், மாதாவுக்கும் செய்யலாம். காது குத்துக்குக் கடன் வாங்கிக் கறி போடலாம். ஆனால் ஒரு பொம்பளை தன் சௌகரியத்துக்கு என்று ஒரு பொருள் வாங்கிவிட்டால் குழாயடியில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. நான் ஒரு தடவை பாண்டியில் நூற்றிருபது ரூபாய்க்கு ஹீல்ஸ் செருப்பு வாங்கி வந்தேன். எதிர்வீட்டு அந்தோணியம்மாள் அக்கா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, விலையைக் கேட்டு, இதுக்கு ரெண்டு கிலோ கோழி வாங்கியிருக்கலாமே என்றாள். எதைப் பார்த்தாலும் முதலில் விலை கேட்பது அவள் வழக்கம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனாலும், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு ஆச்சு என்றுதான் ஆரம்பிப்பாள்.

ஆம்பளைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது. பக்கத்து வீட்டுத் தங்கராசு அண்ணன் உப்பு லாரியில் லோடு ஏற்றி இறக்குகிறவர். செகண்ட் ஹேண்டில் ஒரு செல்போன் வாங்கினார். அவர் யாருக்கும் போன் பண்ணி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் அது வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் வருவார். அதற்கு எத்தனை கிலோ கோழி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இதை நினைத்தாலே எரிச்சல் வரும்.

அந்தத் தங்கராசுவின் மனைவிதான் பாஞ்சாலை. நாற்பத்திரண்டு வயது. பதினாறு வயதிலிருந்து, அந்தோணியம்மாளைப் போலவே, மரக்காணம் உப்பளத்தில் வேலை. விடிவதற்கு முன்னே போய், உப்பை வாரி, கூடையில் தூக்கிக் கரையில் கொட்டிவிட்டு மதியத்துக்கு மேல் வீடு திரும்புவாள். தனக்கென்று அவள் வாங்கி நான் பார்த்தது பூக்கட்டுகிற நாரைத் தவிர வேறில்லை. அந்தப் பூவையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவாள். சாயங்காலம் அவள் கண்ணைப் பார்த்தால் மிளகாய் அரைத்துத் தேய்த்தது போல இருக்கும். காரணம் உப்பு இல்லை, உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில். பத்து மணிக்கு மேல் பாத்தியில் நிற்கிறவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அவள் நந்தியாவட்டைப் பூவைப் பறித்துக் கண்ணின் மேல் வைத்துக்கொண்டு வாசலில் படுத்திருப்பாள். அந்தக் கோடையில் பூவுக்கும் அடங்கவில்லை. அரிசியில் கல் பார்க்க என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

நான் அப்போது பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு வந்த நிவாரண ஆட்கள் ஊருக்கு ரிப்போர்ட் அனுப்பத் தவித்ததைப் பார்த்து, திண்டிவனத்துக்காரர் ஒருவர் ஜெராக்ஸ் மெஷினோடு இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுத் திறந்த கடை. இரண்டாயிரத்து ஆறு கோடையில் நிவாரண ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். மதியம் முழுக்க நானும் மின்விசிறியும்தான். ஓனர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் உலகத்தில் என்னென்ன விற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்குவதற்குக் கையில் காசு கிடையாது, பார்ப்பதற்கு என்ன கேடு.

பார்த்ததில் உபயோகமானதைத் தெருவுக்குக் கொண்டுவந்து சொல்வேன். பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை போக முகப்பவுடர் போடலாம் என்றது பலித்தது. பிளாஸ்டிக் கவரில் தண்ணீர் நிரப்பி வாசலில் கட்டினால் ஈ வராது என்றது பலிக்கவில்லை. தெருவே கவர் கட்டித் தொங்கவிட்டது. கருவாடு காய்கிற ஊரில் ஈ அதற்கெல்லாம் பயப்படுமா? கவர் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதிலிருந்து கம்ப்யூட்டரில் வந்தது என்று நான் எதைச் சொன்னாலும், தண்ணிக் கவர் மாதிரிதானே என்பார்கள்.

அப்படி ஒரு மதியம்தான் அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். எங்கள் இன்டர்நெட்டில் ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். முதலில் வெள்ளைக்கார ஆளின் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, பிறகு பெரிய கறுப்புக் கண்ணாடி. பக்கவாட்டிலும் மூடியிருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரே பனி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், அதைத் தடுக்கிற கண்ணாடி இது என்று கீழே எழுதியிருந்தது. எனக்கு அந்தப் பனியைப் பார்த்ததும் நம் உப்பளம்தான் ஞாபகம் வந்தது. விற்பது மும்பைக் கடை, விலை இருநூற்றி எண்பத்தைந்து ரூபாய். கிரெடிட் கார்டு வேண்டாம், வி.பி.பி.யில் அனுப்புவோம், தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும் என்றும் போட்டிருந்தது.

அன்று சாயங்காலமே பாஞ்சாலையிடம் சொன்னேன். திருவிழாக் கடையில் முப்பது ரூபாய்க்குக் கூலிங் கிளாஸ் வாங்கிப் போட்டுத் தலைவலி வந்த கதையை அவள் சொன்னாள். இது அப்படி இல்லை என்றேன். விலையைச் சொன்னதும் வாயில் கை வைத்தாள். அவளுக்கு அது ஐந்து நாள் கூலி. நான்கு நாள் அந்தப் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் மதியம், அளத்திலிருந்து நேராக சென்டருக்கு வந்து, கால் மண்ணோடு உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்து, அந்தப் படத்தை ஒரு தடவை காட்டச் சொன்னாள். படம் இறங்கி முடிகிறவரை நின்று பார்த்தாள். அப்புறம், வீட்டு அட்ரஸ் வேண்டாம், கடை அட்ரஸே போடு என்றாள்.

பன்னிரண்டு நாளில் தபால்காரர் பஞ்சநாதன் பார்சலைக் கொண்டுவந்தார். மும்பையிலிருந்து எங்கள் ஊருக்குக் காசு கட்டி வாங்குகிற பார்சல் வருவது அவருக்கே புதிது. பாஞ்சாலை பணத்தைக் கொடுத்து, அதை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாளாம். அளத்தில் எல்லாரும் சினிமாக்காரி என்று கூப்பிடுவார்களே என்று பயம். நான் அவளுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பொம்மையார்பாளையத்தில் அவள் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. போய்விட்டு மதியம் பாண்டி பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். ஜன்னல் சீட்டு, நல்ல வெயில், பஸ்ஸில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவ்வளவு சுகமாக இருந்ததாம், அப்படியே தூங்கிவிட்டாள். மரக்காணம் வந்ததும் கண்டக்டர் எழுப்ப, அவசரமாக இறங்கினாள். கண்ணாடியைக் கழற்ற மறந்துபோனாள். எதிரே மீன் வாங்கிக்கொண்டு அந்தோணியம்மாள் நின்றிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் பெரிய கறுப்புக் கண்ணாடியை யாரும் அழகுக்குப் போட்டதில்லை. பாண்டிக்குப் போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பது அது. பக்கமெல்லாம் மூடிய அதே அமைப்பு. பாண்டி பஸ், கறுப்புக் கண்ணாடி, கையில் பை, தூங்கி எழுந்த தள்ளாட்டம். அந்தோணியம்மாள் வேறு என்ன நினைப்பாள். மீன் கூடையை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்து, பாஞ்சாலையின் பையை வாங்கி, முழங்கையைப் பிடித்து, பள்ளம் இருக்குது பாத்து வை என்று சொல்லிச் சொல்லி வீடுவரை நடத்திக்கொண்டு வந்தாள். ஏன் தனியாகப் போனே, எங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று வழியெல்லாம் அழுதாள்.

"வாயத் தொறந்தேன் வினோ," என்று பாஞ்சாலை பிறகு என்னிடம் சொன்னாள். "ஆபரேஷன் இல்லன்னா, கண்ணாடி எவ்ளோன்னுதான் அடுத்து கேப்பா. வாய மூடிக்கினேன்."

சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ரொட்டி, சாத்துக்குடி, நான்கு ஹார்லிக்ஸ் பாட்டில். அந்தோணியம்மாள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். கடைசி வீட்டுக்காரர்கள் அம்மன் கோயில் திருநீறு கொண்டுவந்து பூசினார்கள். யாரோ லாரியில் சேலம் போயிருந்த தங்கராசு அண்ணனுக்குச் செய்தி சொல்லிவிட்டார்கள். அந்தச் செல்போனுக்கு வந்த உருப்படியான முதல் அழைப்பு அதுதான் என்று நினைக்கிறேன். மனுஷன் மறுநாள் காலையில் தலையெல்லாம் உப்புத்தூளோடு வந்து இறங்கி, அவள் காலடியில் உட்கார்ந்து, எங்கிட்டகூட சொல்லலியே என்று அழுதிருக்கிறார். அவரிடம் மட்டும் அவள் உண்மையைச் சொன்னாள். அவர் கண்ணாடியை வாங்கித் தான் போட்டு, சுவரில் இருந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, இது வெளியே தெரிய வேண்டாம், ஆபரேஷனாகவே இருக்கட்டும், அதுதான் மானம் என்றாராம். செல்போன் வைத்திருக்கிற மானஸ்தர் சொன்னது இது.

அதுவரைக்கும் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். திங்கட்கிழமை சாயங்காலம் அளத்து மேஸ்திரி தட்சணாமூர்த்தி ஒரு கிலோ திராட்சையோடு வந்தபோது சிரிப்பு நின்றது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். ஆபரேஷன் பண்ண கண்ணில் உப்புத்தண்ணீர் படவே கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நாற்பது நாள் அளத்துப் பக்கமே வராதே என்று அக்கறையாகச் சொன்னார். அவள் இடத்தில் சின்னப்பாப்பா என்ற பெண்ணைப் போட்டிருப்பதாகவும், வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். கத்திரி வெயில் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. அளத்தில் முழு வேலையும் முழுக் கூலியும் அப்போதுதான். மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம், மூன்று மாதம் அடுப்பு எரிவது இந்தக் கோடையில் சேர்த்ததில்தான். நாற்பது நாள் கழித்துப் போனால் சீசனில் பாதி போயிருக்கும், அந்த இடமும் சின்னப்பாப்பாவுக்குப் பழகிப்போயிருக்கும்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் பாஞ்சாலை வீட்டில் உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. நோயாளியாக இருப்பது பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டே விட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கோபப்படவில்லை.

"புடிச்சுதான் இருக்குது," என்றாள். "மூணு நாளா யாரோ டீ போட்டு என் கையில குடுக்குறாங்க. கல்யாணம் ஆனதுலேருந்து இன்னொருத்தர் போட்ட டீய ஒக்காந்து குடிச்சதில்ல வினோ."

அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. சீக்கு வந்தால் நான்கு ஹார்லிக்ஸ் கொடுக்கிற தெரு, சீக்கு வராமல் பார்த்துக்கொள்ள அவளே சம்பாதித்த காசில் ஒரு கண்ணாடி வாங்கினால் சிரிக்கும் என்று அவள் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாள். இதை நான் சத்தமாகவே சொன்னேன். அவள் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வாசலில் வந்து நின்றாள். அளத்துக்குப் போகிற பழைய புடவை, அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. நீயும் வா என்று மட்டும் சொன்னாள். கடையை அன்று பதினொரு மணிக்குத் திறந்துகொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தேன்.

பத்து மணிக்கு அளத்தில் எல்லாரும் கரையில் உட்கார்ந்து கூழ் குடிக்கிற நேரம். பதினைந்து பொம்பளைகள், ஓரமாக மேஸ்திரி. பாஞ்சாலையைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உனக்கென்ன பைத்தியமா, வெயிலில் ஏன் வந்தே என்று அந்தோணியம்மாள் கையைப் பிடித்தாள். பாஞ்சாலை கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு ஆபரேஷன்லாம் நடக்கல," என்றாள். "கண்ணு எரியுதேன்னு எனக்கோசரம் வாங்கின கண்ணாடி இது. எரநூத்தி எம்பத்தஞ்சு ரூபா."

கூழ்ச் சட்டியை வைத்தவர்கள் வைத்தபடி நின்றார்கள். சிரிப்பார்கள் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். அதற்கும் மேலே ஒன்று நடந்தது, யாரும் அவளை நம்பவில்லை. ஒரு உப்பளத்துப் பொம்பளை ஐந்து நாள் கூலியைக் கொடுத்துக் கண்ணாடி வாங்குவாள் என்பதைவிட, கூலி போகிறதே என்று ஆபரேஷனை மறைப்பாள் என்பது அவர்களுக்கு நம்பச் சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டரில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னேன். தண்ணிக் கவர் மாதிரியா என்று ஒருத்தி கேட்டாள்.

மேஸ்திரி எழுந்து வந்தார். "கூலிக்கோசரம் பொய் சொல்லாத பாஞ்சால. தெரிஞ்சே உன்ன எறக்கி, பார்வ போயிட்டா தங்கராசுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

அவள் கண்ணாடியைக் கழற்றிக் கரையில் வைத்தாள். பாத்தி ஓரமாகப் போய்க் குனிந்தாள். இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளிக் கண்ணைத் திறந்து வைத்து, அதிலேயே அடித்துக்கொண்டாள்.

உப்பு விளைகிற பாத்தித் தண்ணீர் கடல் தண்ணீர் இல்லை, அதைவிடப் பல மடங்கு கரிப்பு. கையில் கொசு கடித்துச் சொறிந்த இடத்தில் பட்டாலே உயிர் போகும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆபரேஷன் ஆன கண்ணில் அதை யாரும் ஊற்றிக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், சத்தம் போடவில்லை. அந்தோணியம்மாள்தான் ஓடிப்போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து அவள் முகத்தில் கவிழ்த்தாள். பதினைந்து பேரும் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுக்கக் காலி. இந்தக் கண்ணைக் காப்பாற்றத்தானடி அந்தப் படம் இறங்குகிறவரை உட்கார்ந்திருந்தேன் என்று அவளைத் திட்ட வேண்டும் போல இருந்தது. திட்டவும் செய்தேன்.

மேஸ்திரி அவள் இரண்டு கண்ணையும் குனிந்து பார்த்தார். பிறகு, கண்ணு தெளிஞ்சதும் எறங்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சின்னப்பாப்பாவுக்கு முகம் மலர்ந்தது. இனி அவள் தன் பழைய பாத்திக்கே திரும்பலாம், அதுதான் அவள் வீட்டுக்குப் பக்கம்.

அப்போதுதான் சிரிப்பு வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை. மெழுகுவத்தி ஏற்றியது, முழங்கையைப் பிடித்து நடத்தி வந்தது எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்போ என் ஹார்லிக்ஸைத் திருப்பிக் கொடு என்று அந்தோணியம்மாள் கேட்டாள். பாதியைக் குடித்துவிட்டேன் என்று பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சினிமாக்காரி என்ற பெயரும் அங்கேயே விழுந்தது. இன்றுவரை அந்தப் பெயர்தான்.

எல்லாரும் பாத்தியில் இறங்கினார்கள். அந்தோணியம்மாள் மட்டும் இறங்கவில்லை. கரையில் இருந்த கண்ணாடியை எடுத்தாள். என் செருப்பைத் திருப்பிப் பார்த்த மாதிரியே இதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லப் போட்டுக்கொண்டு அளத்தின் பக்கம் திரும்பினாள். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சுருங்கியே இருந்த அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெற்றியில் சுருக்கம் இருந்த இடங்களில் வெயில் படாத வெளிர்க் கோடுகள் தெரிந்தன.

"முப்பது வருசமா இதுல நிக்கிறேன்," என்றாள். "இன்னிக்குதான் கண்ணத் தொறந்து பாக்குறேன்."

வாரிக் குவித்த உப்பு கரையோரம் வரிசையாக இருந்தது. கடைசிக் குவியல்வரை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, பாத்திக்குள் இறங்கிப் போய்ப் பாஞ்சாலையின் முகத்தில் அவளே மாட்டிவிட்டாள். திரும்பி வந்து என் சைக்கிள் பக்கத்தில் நின்றாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னொண்ணு வர எத்தினி நாளாவும், வினோதினி?" என்று கேட்டாள்.